88,000 பவுண்டு: ஒரு ஷண்டிங் என்ஜினின் எடையை எழுதியது யார்?

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1940இல் ஒரு சிறிய டீசல் ஷண்டிங் என்ஜினை, அதாவது ரயில்வே யார்டில் பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும் என்ஜினை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 44 டன். அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்பதால் மொத்தம் 88,000 பவுண்டு. நம் கணக்கில் 40 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. 1956 வரை அந்த மாடல் தயாரிப்பில் இருந்தது. என்ஜின் ஆர்வலர்கள் அதை இன்றும் '44 டன்னர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

ஒரு என்ஜினுக்கு அதன் எடையே பெயராவது அதிசயமில்லை. ஆனால் இந்த எடை தண்டவாளத்தின் தாங்குதிறனைப் பார்த்து முடிவானதல்ல, இழுக்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் முடிவானதல்ல. 1937இல் ரயில்வே நிறுவனங்களும் தொழிற்சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் 90,000 பவுண்டு என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு 2,000 பவுண்டு கீழே நிற்பதற்காகவே இந்த என்ஜின் பிறந்தது. தொழிலாளர் ஒப்பந்தத்தின் ஒரு வரி ஒரு இயந்திரத்தையே எப்படி வடிவமைத்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

பயர்மேனின் இடம்

நீராவி என்ஜினில் இரண்டு பேர் இல்லாமல் வேலை நடக்காது. டிரைவர் வண்டியை ஓட்டுவார். பயர்மேன் நிலக்கரி வாரிப் போட வேண்டும், நெருப்பைச் சீராக வைத்திருக்க வேண்டும், கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தவறினால் கொதிகலன் வெடிக்கும். உடம்பை முறிக்கும் வேலை, உயிரோடு விளையாடும் பொறுப்பு, இரண்டும் அவருடையவை.

அப்புறம், பயர்மேன் வேலை என்பது டிரைவர் ஆவதற்கான படியும்கூட. பல ஆண்டுகள் இடப்பக்க இருக்கையில் இருந்து பாதையின் ஒவ்வொரு ஏற்றத்தையும் வளைவையும் கற்றுக்கொண்டவர்தான் வலப்பக்கம் போய் உட்கார முடியும். இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1873இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெர்விஸ் என்ற ரயில்வே ஊரில் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சியின் முகமாக ஆன யூஜின் டெப்ஸ், இளமையில் இந்தச் சங்கத்தின் செயலாளராகவும் அதன் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தவர்.

டீசல் வந்ததும் நெருப்பு போய்விட்டது, கொதிகலன் போய்விட்டது. அப்படியானால் பயர்மேன்?

முதலில் வந்தது புகை

அமெரிக்காவில் டீசல் ஷண்டிங் என்ஜின் காலூன்றியதே ஒரு சட்டத்தால்தான். 1902 ஜனவரியில் நியூயார்க் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில், புகையும் நீராவியும் சூழ்ந்த நிலையில் ஒரு ரயில் நிறுத்த சிக்னலைத் தாண்டிப்போய் முன்னால் நின்ற ரயிலில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நகரத்துக்குள் நீராவி என்ஜின் மீதான கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1923இன் காஃப்மன் சட்டம் அவற்றில் மிகக் கடுமையானது. பிராங்ஸ் பகுதியில் படகில் வந்திறங்கும் சரக்குப் பெட்டிகளை வைத்து வேலை பார்த்த ஒரு சின்ன யார்டுக்கு மின்கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது. அங்கே 1925இல் நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வே தன் 1000ஆம் எண் டீசலைக் கொண்டுவந்தது. 300 குதிரைத்திறன், 60 டன். உடலை ஆல்கோ என்ற என்ஜின் தயாரிப்பு நிறுவனமும், மின்கருவிகளை ஜெனரல் எலெக்ட்ரிக்கும், டீசல் என்ஜினை இங்கர்சால்-ராண்டும் செய்தன. 1957 வரை உழைத்த அந்த என்ஜின் இன்று பால்டிமோர் ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சட்டத்துக்காக வாங்கியதுதான், ஆனாலும் வாங்கியவர்கள் விரைவிலேயே வேறொன்றைக் கவனித்தார்கள். நீராவி ஷண்டருக்கு நெருப்பு மூட்டி நீராவி ஏற்றவே பல மணி நேரம் ஆகும். சாம்பல் அள்ள வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், கொதிகலனைக் கழுவ வேண்டும். டீசலுக்கு இதெல்லாம் கிடையாது, கிட்டத்தட்ட நாள் முழுக்க வேலை வாங்கலாம். யார்டில் டீசல் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் வேகமல்ல. வேலைக்குத் தயாராக நிற்கும் நேரம்.

1937இன் கோடு

1930களின் நடுவில் டீசல்கள் பெருகின. பெரிய பயணிகள் ரயில்களிலும் டீசல் ஓடத் தொடங்கியது. தங்கள் வேலை கண்ணெதிரே கரைவதைப் பயர்மேன் சங்கம் பார்த்தது. பேச்சுவார்த்தையின் முடிவில், 1937இல் தேசிய டீசல் ஒப்பந்தம் உருவானது. டீசல் என்ஜின்களிலும் பயர்மேன் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு விலக்கு உண்டு: யார்டு வேலை பார்க்கும் என்ஜினின் இழுக்கும் சக்கரங்கள் மீது விழும் எடை 90,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் டிரைவர் மட்டும் போதும்.

இந்த வரியை நிதானமாகப் பாருங்கள். பயர்மேன் என்ன வேலை செய்வார் என்று அது கேட்கவில்லை. யார்டு எவ்வளவு நெரிசலானது, தெருவைக் கடக்கும் இடங்கள் எத்தனை, வளைவில் கை சிக்னல் தெரியுமா என்று கேட்கவில்லை. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஒப்பந்தம் போடுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு எண்ணோடு யாரும் வாதாட முடியாது. ஆனால் எண்ணாக எழுதிய கோட்டுக்குக் கீழே எப்படி நிற்பது என்று உற்பத்தியாளர் கணக்குப் போடுவதும் அதே அளவு எளிது. மூன்றே ஆண்டுகளில் அது நடந்தது.

2,000 பவுண்டு இடைவெளியில் ஒரு வடிவமைப்பு

ஷண்டிங் என்ஜினுக்கு எடை ஒரு குறை அல்ல. அதுதான் அதன் கருவி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடி, சக்கரத்தின் மீதுள்ள எடையைப் பொறுத்தது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்குத்தான் இழுக்க முடியும்; அதற்கு மேல் திறனைக் கொடுத்தால் சக்கரம் வழுக்கும். அதனால்தான் அந்தக் காலத்தின் வழக்கமான 1,000 குதிரைத்திறன் யார்டு என்ஜின்கள் கனத்த உடலோடு வந்தன. ஆல்கோவின் எஸ்-2 சுமார் 115 டன், ஜெனரல் மோட்டார்ஸின் என்.டபிள்யூ-2 அதைவிடச் சற்று அதிகம். 44 டன்னரை இவற்றின் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளை மாதிரி இருக்கும். கால் பங்குக் கணக்கில் அதன் இழுவிசை 22,000 பவுண்டு.

ஜெனரல் எலெக்ட்ரிக் அப்போது பெரிய என்ஜின்களை ஆல்கோவோடு கூட்டாக விற்றுவந்தது. சிறிய என்ஜின்கள் மட்டும் அதன் சொந்தக் களம். பென்சில்வேனியாவில் ஈரி ஏரிக்கரையில் இருந்த அதன் தொழிற்சாலை, டிராம் வண்டிகளுக்கும் மின்ரயில்களுக்கும் மோட்டார் செய்து பழகிய இடம். அங்கே எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு பெரிய டீசலுக்குப் பதிலாக இரண்டு சிறியவை.

இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் இருந்த கேட்டர்பில்லர் நிறுவனம், டிராக்டரும் மண்வெட்டும் இயந்திரங்களும் செய்துவந்தது. அதன் டி17000 என்ற எட்டு சிலிண்டர் வி வடிவ டீசல் தயாராகச் சந்தையில் கிடைத்தது. ஒன்றின் திறன் 180 முதல் 190 குதிரைத்திறன். இரண்டை எடுத்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்தார்கள்; நடுவில் டிரைவர் அறை. ஒவ்வொரு டீசலும் தன் ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரம் நான்கு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களுக்குப் போகும். மொத்தத் திறன் 380 குதிரைத்திறனுக்குள். உச்ச வேகம் மணிக்கு 35 மைல்.

இந்த அமைப்பில் பல காரியங்கள் ஒரே அடியில் முடிந்தன. இரண்டு பக்கமும் எடை சமமாகப் பரவியது: நான்கு அச்சுகள், ஒவ்வொன்றிலும் 22,000 பவுண்டு, அதாவது சுமார் 10 மெட்ரிக் டன். இவ்வளவு லேசான அச்சுச்சுமையைப் பழைய கிளைப் பாதைகளின் மெல்லிய தண்டவாளமும் மரப் பாலமும் தாங்கும். ஒரு டீசல் கெட்டுப்போனால் இன்னொன்றை வைத்து ஷெட்டுக்குத் திரும்பலாம். லேசான வேலைக்கு ஒன்றை நிறுத்திவைக்கலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது பார்வை. நீராவி என்ஜினில் நீண்ட கொதிகலன் டிரைவரின் பார்வையை மறைக்கும். இடப்பக்கம் நடப்பதை அவர் பார்க்க முடியாது; அந்தப் பக்கக் கண் பயர்மேனுடையது. வளைவில் கீழே நிற்கும் ஊழியரான பிரேக்மேன் காட்டும் கை சிக்னலையோ விளக்கையோ பார்த்து டிரைவருக்குச் சொல்வதும் அவரே. டீசலிலும் பயர்மேன் தேவை என்று சங்கம் சொன்னதில் வலுவான வாதம் இதுதான், இதில் உண்மை இருந்தது. நீண்ட மூக்குள்ள பெரிய டீசல்களில் இந்தப் பிரச்சினை அப்படியே தொடர்ந்தது. 44 டன்னரிலோ இரண்டு பக்க மூடிகளும் தாழ்வாக இருந்தன, அறையைச் சுற்றிக் கண்ணாடி. டிரைவர் நாலாபக்கமும் பார்க்கலாம். எடைக் கோட்டை ஏமாற்றப் பிறந்த என்ஜின், இரண்டாவது ஆள் எதற்கு என்ற கேள்விக்கும் நேர்மையாக ஒரு பதில் வைத்திருந்தது. இந்த என்ஜினை வெறும் சட்ட ஓட்டை என்று ஒதுக்குபவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுவே.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரே ஆள் என்பது என்ஜின் அறைக்குள் மட்டும்தான். கீழே பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் பிரேக்மேன்களும் கண்டக்டரும் வழக்கம்போல இருந்தார்கள்.

ஒரு டன் கூடினால்

கோடு எங்கே இருந்தது என்பதற்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விற்பனைப் பட்டியலே சாட்சி. அதில் 45 டன் என்ஜினும் உண்டு. 45 டன் என்றால் மிகச் சரியாக 90,000 பவுண்டு. எஃகு ஆலை, காகித ஆலை, ராணுவக் கிடங்கு போன்ற இடங்களின் சொந்தப் பாதைகளுக்கு 1937 ஒப்பந்தம் பொருந்தாது. அங்கே 45 டன்னையும், அதற்கு மேல் 65 டன், 80 டன் என்ஜின்களையும் தாராளமாக விற்றார்கள். பொது ரயில்வேக்கு என்றால் 44.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. டேவன்போர்ட், விட்கோம்ப், போர்ட்டர் போன்ற சிறு என்ஜின் தயாரிப்பாளர்களும் நடுவில் அறை வைத்த 44 டன் என்ஜின்களைச் செய்தார்கள். தனித்தனி நிறுவனங்கள், வெவ்வேறு வரைபட மேசைகள், ஆனால் எல்லாரும் வந்து சேர்ந்தது ஒரே எடைக்கு.

வாங்கியவர்களில் பென்சில்வேனியா ரயில்வே போன்ற ஜாம்பவான்களும் இருந்தார்கள், ஒன்றிரண்டு என்ஜினோடு காலம் தள்ளிய குட்டிப் பாதைகளும் இருந்தார்கள். துறைமுகக் கரை, ஊருக்கு நடுவே தெருவில் பதித்த தண்டவாளம், மரக்கிடங்குக்கும் பதப்படுத்தும் ஆலைக்கும் போகும் கிளைகள் ஆகியவைதான் அதன் இடங்கள். சமதளத்தில் பத்துப் பதினைந்து பெட்டிகளை அது அவசரப்படாமல் நகர்த்தும். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த 15 ஷண்டிங் என்ஜின்கள் இங்கே வந்திறங்கின. அவற்றிலும் இரண்டு கேட்டர்பில்லர் டீசல்கள், மொத்தம் 386 குதிரைத்திறன். நம் ரயில்வே அவற்றுக்கு டபிள்யூ.டி.எஸ்-1 என்று பெயரிட்டது. இங்கே அந்த எடைக் கோடு கிடையாது. இந்தியாவில் நீராவி போய் டீசல் வந்தபோது பயர்மேன்கள் வேறு பாதையில் போனார்கள். டீசல் உதவியாளர் என்ற பெயரில் இரண்டாவது ஆள் டிரைவர் பக்கத்திலேயே இருந்தார்.

அந்த இருக்கை யாருக்கு?

இதுவரை சொன்னதில் சங்கம் தன் ஆட்களைக் காத்தது என்றுதான் தோன்றும். தன் ஆட்கள் என்று அது யாரை நினைத்தது என்பதையும் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நீராவி என்ஜினின் பயர்மேன்களில் ஏராளமானோர் கறுப்பினத்தவர். கரி வாரும் வேலை கடுமையானது, அழுக்கானது. வெள்ளையர் விரும்பாதவரை அது அவர்களிடம் இருந்தது. சங்கத்தில் அவர்களுக்கு உறுப்பினர் இடம் இல்லை. டிரைவராகப் பதவி உயர்வும் இல்லை. ஆனால் பெரும்பான்மைச் சங்கம் என்ற முறையில் சட்டப்படி அவர்கள் சார்பிலும் பேச்சுவார்த்தை நடத்தியது அதே சங்கம்தான்.

டீசல் வந்ததும் பயர்மேன் இருக்கை சுத்தமான, உட்கார்ந்து பார்க்கும் வேலையாக மாறியது. 1940 மார்ச் 28 அன்று சங்கம் தென்கிழக்கின் 21 ரயில்வேக்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. கறுப்பினப் பயர்மேன்களைப் படிப்படியாக முழுவதும் விலக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1941 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: ஒவ்வொரு வகைப் பணியிலும் கறுப்பினத்தவர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த அளவு வரும்வரை புதிய பணிகளும் காலியிடங்களும் வெள்ளையருக்கே.

லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயில், அலபாமாவில், பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்ற பயர்மேன் பயணிகள் ரயில் பணியில் இருந்தார். அந்தக் குழுவில் ஐந்து கறுப்பினத்தவர், ஒரு வெள்ளையர். 1941 ஏப்ரலில் வேலை குறைக்கப்பட்டபோது எல்லா இடங்களையும் காலி என்று அறிவித்து, அவரைவிடப் பணிமூப்பில் குறைந்த வெள்ளையர்களை அமர்த்தினார்கள். ஸ்டீலுக்கு 16 நாள் வேலை இல்லை. பிறகு சம்பளம் குறைவான, நேரம் நீண்ட சரக்கு ரயில் பணி. அங்கிருந்தும் நகர்த்தி ஷண்டிங் என்ஜினுக்கு அனுப்பினார்கள். அது இன்னும் கடினம், இன்னும் குறைந்த கூலி. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு பதிவானபின், 1942 ஜனவரி 3 அன்று, பழைய பணி திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அவர் வழக்கைக் கைவிடவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் சார்லஸ் ஹேமில்டன் ஹூஸ்டன். 1944 டிசம்பர் 18 அன்று தலைமை நீதிபதி ஸ்டோன் தீர்ப்பு எழுதினார்: ஒரு தொழிலின் எல்லார் சார்பிலும் பேசும் உரிமையைச் சட்டத்திலிருந்து பெற்ற சங்கம், உறுப்பினர் அல்லாதோருக்கும் பாகுபாடின்றி நியாயமாகப் பேசக் கடமைப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் இன்றும் நிற்கும் கொள்கை அது. ஆனால் அந்தத் தீர்ப்பு சங்கத்தின் கதவைத் திறக்கவில்லை. உறுப்பினராகச் சேர்க்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. டிரைவர் பதவியும் அதன்பின் பல்லாண்டுகள் எட்டாமலே இருந்தது.

ஆக, 90,000 பவுண்டுக் கோட்டுக்கு மேலே அந்தச் சங்கம் காப்பாற்றிவைத்த இருக்கைகளில், அந்தத் தொழிலில் வெந்த ஒரு பெரிய கூட்டத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. இரண்டும் ஒரே சங்கத்தின் கையெழுத்து, நான்கு ஆண்டு இடைவெளியில்.

கோடு மறைந்தது

44 டன்னரின் தயாரிப்பு 1956இல் நின்றது. அதற்கு முன்பே அதன் அடியில் இருந்த தரை நகர்ந்துவிட்டது. கிளைப் பாதைகளின் சில்லறைச் சரக்கு லாரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சரக்கு பெரிய பெட்டிகளில், நீண்ட கோவைகளாக வந்தது. 380 குதிரைத்திறன் அதற்குப் போதாது. 1946இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கே 70 டன் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. 600 குதிரைத்திறனுக்காக ஒரு பயர்மேனின் சம்பளத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் அதை வாங்கினார்கள்.

பயர்மேன் பிரச்சினையோ பெரிதாகிக்கொண்டே போனது. தேவையில்லாத ஆளுக்குச் சம்பளம் என்று நிறுவனங்கள் பிரச்சாரம் செய்தன. பாதுகாப்பு என்றது சங்கம். 1960 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு ஆணையம் அமைத்தார். 1962 பிப்ரவரியில் அது கொடுத்த அறிக்கை, சரக்கு, யார்டு டீசல்களில் பயர்மேன் தேவையில்லை என்றது. நாடு தழுவிய வேலைநிறுத்தம் நெருங்கியபோது, 1963 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசரமாகச் சட்டம் போட்டு, விவகாரத்தைக் கட்டாய நடுவர் மன்றத்துக்கு அனுப்பியது. அதே நாளில் அதே வாஷிங்டனில் வேலைக்காகவும் உரிமைக்காகவும் மாபெரும் பேரணி நடந்தது. அதைத் தலைமையேற்று நடத்திய ஏ. பிலிப் ராண்டால்ஃப், ரயில் பெட்டி உதவியாளர்களான கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்.

நவம்பர் 26 அன்று நடுவர் தீர்ப்பு வந்தது: சரக்கு, யார்டு பணிகளில் 90 சதவீதப் பயர்மேன் இடங்களை நீக்கலாம். 1964 முதல் இடங்கள் குறைந்தன. ரயிலில் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த முழுக்குழுச் சட்டங்கள் தனியாகப் போராடின. ஆர்கன்சாவின் சட்டம் செல்லும் என்று 1968இல்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு, 1969இல், பயர்மேன் சங்கம் மற்ற மூன்று சங்கங்களோடு இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது. 1972இல் ஏற்பட்ட ஒப்பந்தம், இருப்பவர்கள் ஓய்வுபெறும்வரை வேலையில் இருக்கட்டும், புதிதாக எடுக்க வேண்டாம் என்று முடித்துவைத்தது.

இந்தக் கடைசி ஏற்பாட்டை 1937இலேயே ஏன் செய்திருக்கக் கூடாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அது 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். கையில் இருக்கும் வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான பதிலை ஆளோடு கட்டாமல் எடையோடு கட்டினார்கள். 88,000 பவுண்டு என்ஜின் ஒன்று வந்தவுடன் அந்த இருக்கை காலி, அதில் இருந்தவருக்கு எந்தக் காப்பும் இல்லை. மறுபுறம், 115 டன் என்ஜினில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கை நிரம்பியிருக்க வேண்டும்.

கோடு போன பிறகும் 44 டன்னர்கள் போகவில்லை. பெரிய ரயில்வேக்கள் விற்றவற்றைக் குட்டிப் பாதைகளும் ஆலைகளும் வாங்கிக்கொண்டன, அங்கிருந்து அருங்காட்சியகங்களுக்கு வந்தன. கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ நார்தர்ன் என்ற பழைய மின்ரயில் பாதைக்கு ஓடிய 146ஆம் எண் 44 டன்னர், அதே பாதையின் மிச்சத்தில் அமைந்த வெஸ்டர்ன் ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் சுற்றிலும் கண்ணாடி வைத்த அறை, ஓட்ட ஒரே ஆள்.